நடுவில் நிற்கும் பிள்ளை

இந்தக் குளிர் நாட்டில் எதற்காக இரண்டு வேலை செய்கிறீர்கள் என்று எம்மவர் எவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பிள்ளைகளுக்காக. அந்தப் பதிலில் பொய் இல்லை. கடல் கடந்ததும், முகவருக்குக் கடன்பட்டுக் காசு கட்டியதும், படித்த படிப்பை மூடி வைத்துவிட்டுக் கடையிலும் உணவகத்திலும் நின்றதும் பெரும்பாலும் பிள்ளைகளை நினைத்துத்தான். ஆனால் அதே பிள்ளைகள் அன்றாடம் பார்த்தும் கேட்டும் வளருகிற ஒன்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது தாய்க்கும் தகப்பனுக்கும் இடையிலான சண்டை.

நாம் மருத்துவரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. வணிகம் படித்து, போரால் அகதியாகி, இலண்டனில் எம்மவரின் கணக்குகளைப் பார்த்து வருபவர்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்பவருக்கு அந்தக் குடும்பமும் கொஞ்சம் தெரிந்துவிடும். ஆண்டு முடிவில் கடிதக் கட்டுகளோடு வருகிற பெற்றோரிடம் ஒரு விபரம் கேட்டால், "அது மகளுக்குத்தான் தெரியும்" என்பார்கள். வங்கிக் கடிதத்தை வாசித்துச் சொன்னது அவள். இணையவழிக் கணக்கின் கடவுச்சொல் வைத்திருப்பது அவள். வீட்டுக்கடன் எவ்வளவு, கடனட்டையில் நிலுவை எவ்வளவு, போன மாதம் ஊருக்குப் போனது எவ்வளவு, அதில் எது அம்மாவுக்குச் சொல்லாமல் போனது என்பதெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். தாயும் தகப்பனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க, நடுவில் இருந்து அந்தப் பிள்ளை தொகைகளைச் சொல்லும்.

இந்தக் கட்டுரை அந்த நடு இடத்தைப் பற்றியது. சண்டையே வராத வீடு கிடையாது. பெற்றோருக்குள் கருத்து வேறுபாடு வந்தது என்பதற்காக மட்டும் எந்தப் பிள்ளையும் உடைந்து போவதில்லை. முடிவு காணாத சண்டையும், அந்தச் சண்டைக்குள் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் வேலையும்தான் அவர்களைப் பாதிக்கின்றன. இரண்டையும் மாற்றுவது பெற்றோரின் கையில் இருக்கிறது.

சண்டை எங்கிருந்து வருகிறது

புலம்பெயர்ந்த வீடுகளில் சண்டைக்கு ஊரில் இல்லாத சில காரணங்கள் உண்டு. முதலாவது காசு. ஒரே சம்பளத்தில் இங்குள்ள வாடகையும் கட்ட வேண்டும், அங்குள்ள தங்கையின் கலியாணத்தையும் பார்க்க வேண்டும். கணவனின் பக்கத்துக்கு எவ்வளவு, மனைவியின் பக்கத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி பல வீடுகளில் மாதம் ஒரு முறை எழும்பும். சீட்டுக் காசு திரும்பி வராவிட்டால் அதுவும் சண்டை. வீட்டுக்கடன் வட்டி ஏறினால் அதுவும் சண்டை.

இரண்டாவது, பிரிந்திருந்த காலம். கணவன் முதலில் வந்து, வழக்கு இழுபட்டு, ஆறு ஏழு வருடம் கழித்து மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட்ட குடும்பங்கள் எம்மில் ஏராளம். விமான நிலையத்தில் சந்தித்தவர்கள் கலியாணம் செய்து பழகியவர்களாக இருந்தாலும், அதற்கிடையில் இருவரும் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்திருப்பார்கள். பிள்ளைக்கோ அப்பா என்பவர் அதுவரை தொலைபேசியில் வந்த ஒரு குரல்.

மூன்றாவது, வதிவிட அனுமதி. நிராகரிப்புக் கடிதம் வந்த வீட்டில் ஆளுக்காள் எரிந்து விழுவது இயல்பு. மனைவியின் விசா கணவனின் விசாவில் தங்கியிருந்தால், "திருப்பி அனுப்பிப் போடுவன்" என்ற ஒரு வசனமே ஆயுதமாகிவிடும்.

நான்காவது, சொல்லப்படாத போர். காணாமற்போன தம்பி, முள்ளிவாய்க்காலில் விட்டுவந்த தாய், தடுப்பில் நடந்தவை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் பாதிப்பு தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே உடைக்கிறது என்று நெடுங்காலமாக எழுதி வருகிறார். நித்திரை வராதவருக்குப் பொறுமை குறைவு. குடி சேர்ந்தால் இன்னும் குறைவு. ஆனால் பிள்ளையின் காதில் விழுவது போர் அல்ல. பாத்திரம் கழுவவில்லை என்ற சத்தம்தான் விழுகிறது.

வேலியில் இருந்த பொட்டு

ஊரிலும் தாய் தகப்பன் சண்டை பிடித்தார்கள். அங்கு எல்லாம் நல்லாக இருந்தது என்று சொல்வது சரியல்ல. எத்தனையோ பெண்கள் அடி வாங்கியதும், அயல் பார்த்துக்கொண்டு இருந்ததும் எமக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்கு ஒன்று இருந்தது. வேலியில் ஒரு பொட்டு இருந்தது. சத்தம் எழும்பினால் பிள்ளை அந்தப் பொட்டுக்குள்ளால் புகுந்து அம்மம்மா வீட்டுக்கோ பெரியம்மா வீட்டுக்கோ போய்விடும். அங்கு ஒருவர் கோப்பையில் சோறு போட்டுக் கொடுப்பார். "அவை அப்பிடித்தான், நாளைக்குச் சரியாயிடும்" என்று ஒரு வார்த்தை சொல்வார். மாமாவோ சித்தப்பாவோ பின்னேரம் போய்க் கதைத்துவிட்டு வருவார். சண்டைக்குச் சாட்சியும் இருந்தது, நடுவரும் இருந்தார், பிள்ளைக்கு ஒதுங்க இடமும் இருந்தது.

இங்கு நான்காம் மாடியில் இரண்டு அறை. கதவைச் சாத்தினால் வெளியில் பனி. அம்மம்மா வாட்ஸப்பில்தான் இருக்கிறார், அவருக்குச் சொன்னால் அவர் அழுவார். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொன்னால் சமூக சேவைக்காரர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம். ஊரில் நாலைந்து பேர் பகிர்ந்துகொண்ட வேலைகள் அத்தனையும் இங்கு பிள்ளையின் தலையில் இறங்குகின்றன.

பிள்ளைக்குள் நடப்பது

"சின்னப் பிள்ளைக்கு என்ன விளங்கும்" என்பது எம்மவரின் வழக்கமான ஆறுதல். ஆய்வுகள் அதற்கு மாறாகச் சொல்கின்றன. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2013 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையான 20 குழந்தைகளை நித்திரையாக இருக்கும்போதே மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் வைத்து, காதில் ஒரு குரலை ஒலிக்கவிட்டார்கள். வசனங்களுக்குப் பொருள் இல்லை. தொனி மட்டும் மாறியது: மகிழ்ச்சி, சாதாரணம், இலேசான கோபம், கடுங்கோபம். பெற்றோர் அதிகம் சண்டை பிடிக்கும் வீடுகளில் இருந்து வந்த குழந்தைகளின் மூளையில், கடுங்கோபத் தொனிக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாகத் துலங்கின. தொட்டிலில் நித்திரையாக இருந்த குழந்தைக்கே தொனி கேட்கிறது.

வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி உளவியலாளர்களான பற்றிக் டேவிஸும் மார்க் கம்மிங்ஸும் 1994 இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். பிள்ளைக்குத் தாயோடும் தகப்பனோடும் தனித்தனியே உள்ள பாசம் மட்டும் போதாது. அவர்கள் இருவருக்கும் இடையில் உள்ள உறவும் பிள்ளைக்குக் காலடி நிலம் போன்றது. அந்த நிலம் ஆடும்போது பிள்ளை தன் பாதுகாப்பை எப்படியாவது மீட்கப் பார்க்கும். சில பிள்ளைகள் சண்டைக்கு நடுவில் போய் நிற்பார்கள். சிலர் அறைக்குள் போய்க் காதை அடைத்துக்கொள்வார்கள். எல்லாப் பிள்ளைகளுமே கூர்ந்து கவனிப்பார்கள். கார்க் கதவு எப்படிச் சாத்தப்பட்டது, படியில் காலடி எப்படி விழுகிறது என்பதில் இருந்தே இன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணிப்பார்கள். அப்படிக் கணித்துக்கொண்டு இருக்கும் மூளைக்கு வீட்டுப்பாடத்தில் கவனம் வருமா?

இதற்கு நாலு வருடம் முன்னதாக, 1990 இல், ஜோன் கிறிச், பிராங் பிஞ்சம் என்ற இருவர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். சண்டையைப் பார்க்கும் பிள்ளை தனக்குள் கேள்வி கேட்கிறது. இது எனக்கு ஆபத்தா? இதற்கு யார் காரணம்? நான் என்ன செய்ய வேண்டும்? பெரியவர்கள் பதில் சொல்லாவிட்டால் பிள்ளை தானே பதில் கண்டுபிடிக்கும். அது பெரும்பாலும் பிழையான பதிலாகத்தான் இருக்கும்.

வயதுக்கு வயது வேறு

மூன்று முதல் ஏழு வயது வரையான பிள்ளைக்கு உலகம் தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது. தான் பால் கொட்டியதால்தான் அப்பா கோபித்துக்கொண்டு வெளியில் போனார் என்று அது உண்மையாகவே நம்பும். படுக்கையில் சிறுநீர் கழிப்பது, வயிற்று நோ, தாயை விட்டு அகலாமை எல்லாம் அந்தப் பயத்தின் மொழி. சில பிள்ளைகள் சண்டை தொடங்கியதும் விழுந்து அடிபடுவார்கள், குழப்படி செய்வார்கள். கோபம் தன் பக்கம் திரும்பினால் பெற்றோர் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள் என்பது அந்தச் சின்ன மூளையின் கணக்கு.

எட்டு முதல் பன்னிரண்டு வரை நீதி நியாயம் பார்க்கும் வயது. யாரில் பிழை என்று தீர்ப்புச் சொல்லப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் சாய்வார்கள், பிறகு மற்றப் பக்கத்துக்குத் துரோகம் செய்ததாகக் குற்ற உணர்வில் கிடப்பார்கள். எமது வீடுகளில் மொழிபெயர்ப்பு வேலையும் இந்த வயதில்தான் வந்து சேருகிறது.

பதின்ம வயதுப் பிள்ளைகள் பலவிதம். ஒருவர் காதில் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு கணினிக்குள் போய்விடுவார். ஒருவர் நண்பர்களோடு வெளியிலேயே திரிவார். மகன் தகப்பனின் கையைப் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருப்பான். இன்னொரு வகைப் பிள்ளையை நாம் கவனிப்பதே இல்லை. எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வரும், தம்பி தங்கையைக் குளிப்பாட்டிப் படுக்க வைக்கும், ஒருநாளும் எதிர்த்துப் பேசாத பிள்ளை அது. "என்ரை பிள்ளை தங்கம்" என்று ஊருக்குச் சொல்வோம். தான் ஒரு பிழை விட்டால் வீடே உடைந்துவிடும் என்ற பயத்தில் அந்தப் பிள்ளை அப்படி நடக்கக்கூடும் என்று யோசிக்க மாட்டோம்.

நாம் கொடுக்கும் வேலைகள்

எங்கள் வீடுகளில் பிள்ளைக்குக் கிடைக்கும் வேலைகளைப் பட்டியலிடலாம்.

முதலாவது, தபால்காரர் வேலை. கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "அப்பாட்டைச் சொல்லு, சாப்பாடு போட்டிருக்கெண்டு." "அம்மாட்டைக் கேள், என்ரை கடிதம் எங்கை எண்டு." ஒரே வீட்டில் ஐந்து அடி தூரத்தில் இருப்பவர்களுக்கு இடையில் பிள்ளை ஓடும். சத்தம் இல்லாததால் இதைச் சண்டை என்று நாம் எண்ணுவதில்லை. ஆனால் கத்தும் சண்டை அரை மணித்தியாலத்தில் ஓயும். பேசாச் சண்டை கிழமைக்கணக்கில் இழுபடும். அந்த நாட்கள் முழுவதும் பிள்ளை வேலையில் இருக்கிறது.

இரண்டாவது, மொழிபெயர்ப்பாளர் வேலை. கடிதம் வாசிப்பது குடும்பத்துக்கு உதவிதான். பிள்ளைக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. ஆனால் தாயின் மருத்துவச் சந்திப்பிலும், சட்டத்தரணியின் முன்னாலும், கடன் வசூலிப்பவரின் தொலைபேசியிலும் தாய் தகப்பனின் அந்தரங்கத்தைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது வேறு. பிரித்தானியாவில் என்.எச்.எஸ். மருத்துவரிடம் போகும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கேட்கத் தயங்குவதால்தான் பிள்ளை லீவு போட்டுக்கொண்டு வருகிறது.

மூன்றாவது, நீதிபதி வேலை. "நீ சொல்லு, ஆற்றை பிழை?" இந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் சரியான பதில் கிடையாது. எதைச் சொன்னாலும் ஒருவரை இழக்கும்.

நான்காவது, சிநேகிதி வேலை. இந்த நாட்டில் தாய்க்குச் சொல்லி அழ ஆளில்லை. ஆகவே மகளுக்குச் சொல்கிறாள்: "உன்ரை அப்பா என்னை என்ன பாடு படுத்தினவர் தெரியுமே." தகப்பன் மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது தாயின் பக்கத்துச் சொந்தங்களைப் பற்றிச் சொல்கிறார். சொன்னவருக்குப் பாரம் குறைகிறது. கேட்ட பிள்ளைக்கு ஏறுகிறது.

ஹங்கேரியில் இருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த இவான் பொசொர்மெனி நாஜ் என்ற மனநல மருத்துவர், 1973 இல் ஜெரால்டின் ஸ்பார்க்கோடு சேர்ந்து எழுதிய நூலில், குடும்பத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேரேடு இருக்கிறது என்றார். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது அதில் பதியப்படுகிறது. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பதே இயல்பான திசை. பிள்ளை பெற்றோரைத் தாங்கத் தொடங்கும்போது பதிவு தலைகீழாகிறது. பேரேடு எழுதிப் பழகிய எமக்கு இது எளிதில் விளங்குகிறது. ஒரு கணக்கில் தீர்க்கப்படாத நிலுவை அடுத்த ஆண்டின் ஏட்டுக்குக் கொண்டுசெல்லப்படும். அது போலவே, சின்ன வயதில் தாயைத் தாங்கிய மகள் தன் கலியாணத்திலும் எல்லாவற்றையும் தாங்குகிறவளாகவே போய் நிற்பாள். அல்லது பதினெட்டு வயதில் பல்கலைக்கழகத்துக்கென்று தூரத்து நகரத்துக்குப் போன மகன் விடுமுறைக்கும் வீட்டுக்கு வரமாட்டான். "இந்த நாடு பிள்ளையைக் கெடுத்துப் போட்டுது" என்று நாம் சொல்வோம்.

முடித்துக் காட்டுதல்

அப்படியென்றால் பிள்ளைக்கு முன்னால் சண்டையே பிடிக்கக் கூடாதா? அது நடக்கிற காரியமில்லை. மார்க் கம்மிங்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் சண்டைக் காட்சிகளைக் காட்டி ஆய்வு செய்தார்கள். சண்டை தீராமல் விடப்பட்டபோது பிள்ளைகள் கலங்கினார்கள். அதே சண்டை தீர்ந்து முடிவதைப் பார்த்தபோது கலக்கம் பெருமளவு குறைந்தது. பெரியவர்கள் கதவுக்குப் பின்னால் பேசித் தீர்த்துவிட்டு அதைப் பிள்ளைக்குச் சொன்னாலும் பலன் இருந்தது.

எமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாம் சண்டையைப் பிள்ளைக்கு முன்னால் தொடங்குகிறோம். சமாதானத்தை அறைக்குள் வைத்துக்கொள்கிறோம். தாய் தகப்பன் பிள்ளைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. அடுத்த நாள் காலை தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் அதுதான் சமாதானம். பெரியவர்களுக்கு அது விளங்கும். பிள்ளைக்கு விளங்காது. அது இன்னும் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே சொல்லிவிட வேண்டும். நீண்ட பேச்சுத் தேவையில்லை. "நேற்று நாங்கள் சத்தம் போட்டனாங்கள். காசு விசயத்திலை இரண்டு பேருக்கும் இரண்டு யோசனை. கதைச்சு முடிச்சிட்டம். அது உன்னாலை வந்த சண்டை இல்லை. நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை." இந்த ஐந்து வசனத்துக்குள் பிள்ளையின் மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. இன்னும் முடியவில்லை என்றால் அதையும் சொல்லலாம்: "இன்னும் கதைச்சுக்கொண்டிருக்கிறம். அது எங்கடை வேலை." தீராததைத் தீர்ந்தது என்று சொல்லக் கூடாது. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காசைப் பற்றியும் இதே முறைதான். ஒன்றுமே சொல்லாமல் மறைத்தால் பிள்ளை வீட்டை இழக்கப் போகிறோம் என்று கற்பனை செய்யும். எல்லாவற்றையும் கொட்டினால் தாங்காது. "இந்த மாதம் கொஞ்சம் இறுக்கம், சப்பாத்து அடுத்த மாதம் வாங்குவம், வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் பிரச்சினை இல்லை" என்பது உண்மையாக இருந்தால், அது போதுமான கணக்கு. ஊருக்கு அனுப்பும் தொகையைக் கணவனும் மனைவியும் மாதத் தொடக்கத்தில் ஒரு தாளில் இரு பக்கமும் எழுதி முடிவு செய்தால், மாத நடுவில் வரும் சண்டைகள் சில குறையும். ஒளித்து அனுப்பிய நூறு பவுண்கள், வெளிப்படையாக அனுப்பிய ஐந்நூறு பவுண்களை விட ஒரு வீட்டில் அதிக சேதம் செய்யும்.

அடி என்பது வேறு

இதுவரை சொன்னது இரு பக்கமும் பேசக்கூடிய சண்டையைப் பற்றி. ஒருவர் அடிக்க, மற்றவர் பயந்து வாழும் வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கு "இரண்டு பேரும் விட்டுக்கொடுங்கள்" என்று சொல்வது அநியாயம்.

இங்கிலாந்தின் சட்டம் இதைத் தெளிவாகப் பார்க்கிறது. இன்னொருவர் துன்புறுத்தப்படுவதைப் பார்ப்பதாலும் கேட்பதாலும் பிள்ளைக்கு வரும் பாதிப்பும் தீங்குதான் என்று 2002 ஆம் ஆண்டின் சட்டம் சேர்த்தது. 2021 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் ஒரு படி மேலே போய், அப்படிப் பார்த்தும் கேட்டும் அதன் விளைவை அனுபவித்தும் வளரும் பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே என்று சொல்கிறது. "பிள்ளையிலை கை வைக்கேல்லைத்தானே" என்ற நியாயம் சட்டத்தில் எடுபடாது. பிள்ளையின் உடம்பிலும் எடுபடாது.

அப்படியான வீட்டில் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது வேறு: நடுவில் போய் நிற்காதே. மற்ற அறைக்குப் போ. தம்பியையும் கூட்டிக்கொண்டு போ. பிரித்தானியாவில் 999 அழை. பெரியவர்களுக்கு 0808 2000 247 என்ற இலவசத் தேசிய உதவி எண் இங்கிலாந்தில் நாள் முழுவதும் இயங்குகிறது. விசா கணவனில் தங்கியிருக்கிறது என்பதற்காக அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வன்முறையால் பிரிந்த வாழ்க்கைத் துணைக்கெனக் குடிவரவு விதிகளில் தனி வழி உண்டு. அது எல்லா விசாவுக்கும் பொருந்தாது என்பதால், பதிவு பெற்ற சட்டத்தரணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்காகச் சேர்ந்திருப்பதா

"பிள்ளையளுக்காகத்தான் ஒண்டாய் இருக்கிறம்." இந்த வசனத்தைக் கேட்காத எம்மவர் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர்களான போல் அமாட்டோவும் அலன் பூத்தும் பல ஆண்டுகள் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து 1997 இல் ஒரு நூல் எழுதினார்கள். கடுஞ்சண்டை நிறைந்த வீடுகளில் பெற்றோர் பிரிந்தபோது பிள்ளைகள் பிற்காலத்தில் ஓரளவு நன்றாக இருந்தார்கள். சண்டை அதிகம் தெரியாத வீடுகளில் பெற்றோர் பிரிந்தபோதுதான் பிள்ளைகளுக்கு அடி பலமாக விழுந்தது. சேர்ந்திருப்பது எப்போதும் நல்லது என்றோ, பிரிவது எப்போதும் விடுதலை என்றோ ஒரே வாய்பாடு கிடையாது. பிள்ளை எந்த வகை வீட்டில் வாழ்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிரிந்த பின்னும் சண்டை தொடர்ந்தால் பிள்ளைக்கு ஒன்றும் மாறவில்லை. தபால்காரர் வேலை இப்போது இரண்டு வீடுகளுக்கு இடையில் நடக்கும், அவ்வளவுதான். இதைத் தடுக்கத்தான் நாடுகள் சட்டத்தை மாற்றி வருகின்றன. நோர்வேயில் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை உள்ள தம்பதியர் பிரிவதற்கு முன் மத்தியஸ்தரிடம் போய்ப் பிள்ளையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். கனடாவில் 2021 மார்ச் 1 முதல் விவாகரத்துச் சட்டத்தில் இருந்து பிள்ளையை யாருக்கோ உரிமையாக்கும் பழைய சொல்லே நீக்கப்பட்டு, பெற்றோர் பிள்ளையோடு செலவிடும் நேரம் என்ற சொல் வந்திருக்கிறது. பிரிகிறவர்கள் பிள்ளையிடம் சேர்ந்தே சொல்ல வேண்டும். எங்கு படுப்பாய், எந்தப் பள்ளிக்கூடம், அப்பாவை எந்த நாளில் பார்ப்பாய் என்பதைச் சொல்ல வேண்டும். யாரோடு இருக்க விருப்பம் என்று பிள்ளையின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம். முடிவை அதன் தோளில் வைக்கக் கூடாது.

ஒரு பொட்டை வெட்டிக் கொடுப்போம்

பெற்றோரால் உடனடியாக ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும், சுற்றி நிற்கும் நாம் செய்யக்கூடியது உண்டு. கடினமான வீட்டில் வளரும் பிள்ளைக்கு வெளியில் நம்பிக்கையான ஒரு பெரியவர் இருந்தால் அது பெரிய காப்பு. தமிழ்ப் பள்ளி ஆசிரியர், மிருதங்க வகுப்பு அண்ணா, உதைபந்தாட்டப் பயிற்சியாளர், ஒரே கட்டடத்தில் இருக்கும் அன்ரி, யாராகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்கத் தேவையில்லை. வீட்டுக் கதையை மண்டபத்தில் பரப்பக் கூடவே கூடாது. சனிக்கிழமை ஒரு நேரச் சாப்பாடு, படிக்க ஒரு மேசை, "எப்ப வேணுமெண்டாலும் வா" என்ற ஒரு சொல் போதும். அண்ணன் தங்கைக்குள் ஒற்றுமை இருந்தால் அதுவும் காப்பு. ஒருவரை அம்மாவின் பிள்ளை, மற்றவரை அப்பாவின் பிள்ளை என்று பிரிக்காமல் விடுவது பெற்றோரின் கடமை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிய பயத்தையும் குறைக்க வேண்டும். தாய் தகப்பன் வாக்குவாதப்பட்டார்கள் என்பதற்காகப் பிள்ளையை எவரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. பள்ளியின் ஆலோசகரிடம் பேசும் பிள்ளை குடும்பத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை. பிரித்தானியாவில் சைல்ட்லைன் 0800 1111 என்ற எண்ணிலும், கனடாவில் கிட்ஸ் ஹெல்ப் போன் 1-800-668-6868 என்ற எண்ணிலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 116 111 என்ற எண்ணிலும் பிள்ளைகள் காசில்லாமல் பேசலாம். இந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பது வெட்கம் இல்லை. தீயணைப்புப் படையின் எண்ணை வைத்திருப்பது போலத்தான்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். இன்றிரவு உங்கள் பிள்ளை உங்கள் இருவருக்கும் இடையில் என்ன வேலை பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தபால்காரரா, மொழிபெயர்ப்பாளரா, நீதிபதியா, சிநேகிதியா? அதில் ஒரு வேலையை இந்தக் கிழமை திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு போட்டிருக்கிறது என்பதை நீங்களே கணவனிடம் சொல்லுங்கள். கடிதம் எங்கே என்று நீங்களே மனைவியிடம் கேளுங்கள். கோபம் அப்படியே இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளை தன் புத்தகத்துக்குத் திரும்பிப் போகட்டும்.